பின்கட்டை போட்ட இரண்டு ஓட்டைகள்

பின்கட்டை! யோவ் பின்கட்டை! காதுல விழுதா?

செங்கம் ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவே அவரை இப்படித்தான் கூப்பிடும். மரத்தில் ஓட்டை போடுவதற்கென்றே திருவண்ணாமலையில் ஒரு மனுஷன் பிறந்தான் என்றால் அது அவர்தான். நாற்காலி செய்ய மாட்டார், பெஞ்சு செய்ய மாட்டார். ஓட்டை மட்டும்தான். ஊரில் இருக்கிற ஆசாரிகள் எல்லாரும் வேலையை முக்கால்வாசி முடித்துவிட்டு, "ஓட்டைக்கு அந்தப் பைத்தியத்தக் கூப்புடு" என்று ஆள் அனுப்புவார்கள்.

பேர் வந்த கதை இதுதான். டிரில் அலகு மரத்தின் முன்பக்கம் அழகாகத்தான் இறங்கும். மறுபக்கம் வெளியே வரும்போதுதான் சிலும்பு சிலும்பாகப் பிய்த்துக்கொண்டு வரும். அப்படிப் பிய்யாமல் இருக்கப் பின்னால் ஒரு வேண்டாத கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த வேண்டாத கட்டையை எப்போதும் அக்குளிலேயே வைத்துக்கொண்டு திரிந்தவர் அவர். ஒருநாள் சினிமா கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் மறித்தார்.

"யோவ், கட்டைக்கு டிக்கெட்டு?"

"மடியில வெச்சுக்கறேன் சார்."

அலகுகள் பதினொன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணெய்த் துணியில் சுற்றி பிஸ்கட் டின்னில் வைத்திருப்பார். ஓட்டை வேண்டும் என்று போனால் உடனே போட்டுத் தர மாட்டார். என்ன மரம், எவ்வளவு காய்ந்தது, ஓட்டைக்குள் என்ன போகப் போகிறது என்று ஜாதகம் கேட்பார். "மாமரம் மெத்துனு இருக்கும், அவசரப்பட்டா பஞ்சு மாதிரி பிச்சுக்கும். இரும்புக்குப் போடற அலக மரத்துல வெச்சா வழுக்கினு போவும், வெச்ச எடத்துல நிக்காது" என்று ஆரம்பித்தால், கேட்க வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து மிச்சத்தைக் கேட்கலாம்.

ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஜன்னல் பலகையில் ஓட்டை கேட்டு வந்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

"உள்ள என்ன சார் போவணும்?"

"ஒண்ணும் இல்லை."

பின்கட்டை ஆடிப்போய்விட்டார். டின்னைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடைசியில் ரொம்ப பணிவாக, "ஒண்ணும் இல்லேன்னா... எத்தினி சைஸு சார்?" என்றார்.

வெள்ளைக்காரர் ஏதோ உபதேசம் கிடைத்த மாதிரி அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். காற்றுக்காக ஓட்டை கேட்டவர், அந்த ஓட்டையைப் போட்டுக்கொள்ளாமலேயே போனார். "அளவு சொல்லாம போறாரே!" என்று பின்கட்டைக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இந்த மனுஷன் கையில்தான் எங்கப்பாவின் கதவு சிக்கியது.

எங்கப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் வாட்ச்மேன். இருபது வருஷமாக அடுத்தவன் கதவைப் பூட்டிப் பூட்டித் திறந்தவர். எங்கள் குடிசைக்கோ கதவே கிடையாது, சாக்குத்தான். குரங்கு ஒருநாள் சாக்கை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து சோற்றுப் பானையைக் கட்டிப்பிடித்துத் தின்றது. அன்றைக்கு அப்பா சபதம் போட்டார். சின்னதாக ஓட்டு வீடு கட்டினார். சுவருக்குப் பூச்சுகூட இல்லை, ஆனால் வாசலுக்கு ஒற்றைத் தேக்குக் கதவு. லாட்ஜில் இருப்பது போலக் கதவோடு பொருத்துகிற பூட்டு வேண்டும், சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அதற்கு ரூபாய்க்காசு அகலத்தில் ஒரு ஓட்டை வேண்டும். சிலும்பினால் வேறு கதவு வாங்க வழியில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பின்கட்டை வந்தார். முதல் நாள் கதவைப் பார்த்தார், போனார். இரண்டாம் நாள் தட்டிப் பார்த்தார், போனார்.

"டாக்டரு, நோயாளி பொழைப்பானா?" என்றார் அப்பா.

மூன்றாம் நாள் அதே தேக்கில் ஒரு துண்டு கொண்டுவந்தார். பதினொரு அலகிலும் பதினொரு ஓட்டை போட்டிருந்தார். அதை என்னிடம் நீட்டினார். எனக்கு அப்போது பத்தொன்பது வயசு.

"வெரல உட்டுப் பாரும்மா. எது குத்தல?"

ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தேன். ஒன்று கீறியது, ஒன்று சுள்ளென்றது. ஏழாவது வெண்ணெய்.

"ஏழாவது" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "நானும் ஏழுதான் நெனச்சேன்! நடுவுல முள்ளு இருக்குதா, அது எடத்தப் புடிச்சுக்கும். ஓரத்துல கத்தி, அது மொதல்ல வட்டம் கீறும். அதுக்கப்புறம்தான் உள்ள இருக்கறத அள்ளும். கீறாம அள்ளினா பிச்சுக்கும்." இதைச் சொல்லும்போது அவர் கதவைப் பார்க்கவில்லை.

மறுநாள் கதவை இன்னும் கீலில் மாட்டவில்லை, வாசலில் நிமிர்த்தி வைத்திருந்தோம். அப்பா பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். மரத்தின் ரேகை தெரியட்டும் என்று பின்கட்டை அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புள்ளியையே அழித்துவிட்டார். அப்புறம் ஞாபகத்தில் இருந்து தானே ஒரு புள்ளி வைத்தார். அவர் ஞாபகத்தில் அப்போது இருந்தது வேறு.

கட்டையைப் பிடித்துக்கொண்டு நான் உள்பக்கம் முட்டி போட்டு நின்றேன். வெளியே அவர் டிரில்லைச் சுற்றினார்.

"முள்ளு நுனி தெரிஞ்சா சொல்லு. உடனே கட்டைய வெச்சு அழுத்து. தெரியுதா?"

"இல்ல."

"இப்ப?"

"ஊஹும்."

"இப்ப?"

"கடுகு அத்தினி தெரியுது!"

அழுத்தினேன். கட்டை என் நெஞ்சில் கிடுகிடுவென்று நடுங்கியது. எடுத்துப் பார்த்தால், ஒரு சிலும்பு இல்லை. அந்தப் பக்கம் ஒரு கண் தெரிந்தது.

"தெரியுதா?" என்றது கண்.

"தெரியுது" என்றேன்.

அதற்குள் லாட்ஜிலிருந்து அப்பா வந்துவிட்டார். ஓட்டையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"டேய்! கீலு வர்ற பக்கம்டா இது! பூட்டு அந்தப் பக்கம்டா!"

"அய்யா, ஓட்டையப் பாருங்களேன். ஒரு சிலும்பு..."

"நாளைக்குக் காலையில பால் காய்ச்சணும்! இங்க பூட்டுப் போட்டா கீல எங்கடா அடிப்பேன்? இந்தப் பக்கம்தான் கீலுக்கு வெட்டி வெச்சிருக்குதே!"

"நைனா, அழாத நைனா" என்று நான் அப்பா தோளைப் பிடித்தேன். இருபது வருஷம் அடுத்தவன் கதவைக் காத்தவர், தன் கதவைக் காக்க முடியாமல் நிஜமாகவே அழுதார். அதைப் பார்த்ததும் பின்கட்டை மறுபடி டிரில்லை எடுத்து, சரியான பக்கம் இரண்டாவது ஓட்டையைப் போட்டார். அதுவும் வெண்ணெய். காலையில் பால் பொங்கியது, அப்பா இடுப்பில் சாவி ஆடியது.

முதல் ஓட்டையை அடைக்க அதே தேக்கில் முளை செதுக்கிக் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார். ரேகை சேரவில்லை என்று தினம் ஒரு முளை கொண்டுவந்தார், தினம் திருப்பி எடுத்துப் போனார். தினம் காபி குடித்தார். இரண்டு மாசம் பொறுத்த அப்பா ஒருநாள் நேராகவே கேட்டார்.

"உனக்கு முளை சேரணுமா, என் பொண்ணு வேணுமா? ஒண்ணு சொல்லு."

"பொண்ணு, மாமா. ஓட்ட அப்படியே இருக்கட்டும். அடைக்க மனசு வரல."

கல்யாணமாகி எங்கள் வீட்டோடு வந்துவிட்ட பிறகும் திருந்தவில்லை. எங்கம்மா சுட்ட உளுந்து வடையைத் திருப்பிப் பார்த்து, "அத்தே, பின்பக்கம் பிஞ்சிருக்குது" என்றார். எங்கள் பெண்ணுக்குக் காது குத்தும்போது பத்தர் ஊசியை எடுத்ததும் இவர் காதுக்குப் பின்னால் கட்டையை நீட்டிவிட்டார்.

"யோவ், இது காதுய்யா, கதவு இல்ல!"

"எதுவா இருந்தா என்ன பத்தரே, பின்பக்கம் பின்பக்கம்தானே?"

போன ஐப்பசியில் அவருக்கு மஞ்சள்காமாலை. பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியோடு வந்தார். கண்ணெல்லாம் மஞ்சளாக இருக்கும்போதே இவர் கேட்கிறார்: "என்ன சைஸும்மா அது?" நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். மூன்றாம் நாள் போய்விட்டார்.

என் பெண்ணுக்கு நாலு வயசு. கீல் பக்கத்து ஓட்டை இப்போது சரியாக அவள் கண் உயரம். அவர் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு அங்கே போய் நிற்கிறாள். நான் அடுப்படியில் இருந்து "தெரியுதாடி?" என்கிறேன். "இன்னும் இல்லம்மா" என்கிறாள்.

இதைப் படிக்கிறவங்க உங்க சாமி எதுவோ அதுகிட்ட அவருக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். பேரை நான் வாயால் சொன்னதே இல்லை, எழுதவும் கை வரவில்லை. பின்கட்டை என்றே சொல்லுங்கள், சாமிக்குத் தெரியும். அங்கேயும் அவருக்கு நல்ல தேக்காகக் கிடைக்க வேண்டும். அந்தப் பக்கம் நின்று கட்டையைப் பிடிக்க யாராவது ஒருத்தர் இருக்க வேண்டும், நான் வருகிற வரைக்கும்.