மனசுக்கு விலாசம் தேடிய சைக்காலஜி சார்

உலகத்திலேயே மனசைப் பற்றி அதிகம் படித்தவரும், எதிரில் நிற்பவன் மனசில் என்ன ஓடுகிறது என்று துளியும் தெரியாதவரும் ஒரே மனுஷர்தான். தொண்ணூறுகளில் அவர் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மாடி போர்ஷனில் குடியிருந்தார். தெருவுக்கே அவர் சைக்காலஜி சார்.

நந்தனம் பக்கம் ஒரு காலேஜில் வாத்தியார். கல்யாணம் ஆகவில்லை. வீடு பார்க்க வந்த அன்றைக்கே என்னிடம், "சிவலிங்கம் சார், மனசுன்னு சொல்லும்போது எங்க தொடுவீங்க?" என்று கேட்டார். நான் பூஜை சாமான் கடைக்காரன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

"அப்ப நீங்க கிரேக்கக் கட்சி!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு எந்தக் கட்சியிலும் மெம்பர்ஷிப் கிடையாது என்று அப்போதே சொல்லிவைத்தேன்.

பிறகுதான் விளங்கியது. அந்தக் காலத்துக் கிரேக்கப் பெரியவர் ஒருவர், நினைப்பெல்லாம் இருதயத்தில் நடக்கிறது, மூளை சும்மா உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் என்றாராம். அவருடைய குருவோ, புத்திக்குத் தலை, கோபத்துக்கு நெஞ்சு, பசிக்கு வயிறு என்று ஆத்மாவை மூன்று போர்ஷனாகத் தடுத்துவிட்டாராம். எத்தனையோ காலம் கழித்து ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து, மூளைக்கு நடுவே அரிசி பருமனில் ஒரு சுரப்பி இருக்கிறது, ஆத்மா அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது என்றாராம். பேரெல்லாம் சார் சொன்னார். என் வாயில் நுழையவில்லை.

ஜெர்மன்காரர்கள் இன்னும் மோசம். ஒரு நினைப்புக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரம் வைத்தே அளந்தார்களாம். அதைச் செய்து பார்க்க சார் தேர்ந்தெடுத்த இடம், தண்ணி லாரி வரிசை. கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். "நான் கை தட்டினதும் குடத்தை வைக்கணும், சரியா?"

பக்கத்து வீட்டு ஆட்டோ ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. "இன்னா வாத்தியாரே, லாரிக்காரன் டியூப்பைச் சுருட்டிக்கினு கீறான், நீ கைதட்டிக்கினு கீறே! நவுருப்பா!"

அதே ஏகாம்பரம் திருப்பதி போய் மொட்டையோடு திரும்பினான். சாருக்குத் தீபாவளி. மண்டையில் இருக்கிற மேடுபள்ளத்தைத் தடவியே குணத்தைச் சொல்லிவிடலாம் என்று ஐரோப்பாவில் ஒரு கோஷ்டி கிளம்பியதாம். "ஏகாம்பரம், ஒரே நிமிஷம் தலையைக் குடு. உச்சியில இந்த மேடு இருக்கு பாரு, இதுதான் பக்தின்னு சொன்னாங்க."

"நெசமாவா?"

"பொய். பொய்யின்னு எப்பவோ தெரிஞ்சுபோச்சு."

"பொய்யின்னு தெரிஞ்சுக்கினே எதுக்கு என் மண்டைய தேய்க்கிறே?"

"பொய்யை நம்பினவன் எப்படி நம்பினான்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

அன்றைக்குக் குளிக்கும்போது நானும் என் உச்சியைத் தடவிப் பார்த்தேன். மேடு இருந்தது. ஆனால் அது சின்ன வயசில் கிரில் கேட்டில் இடித்துக்கொண்டது.

சைக்காலஜி என்றால் பைத்தியத்துக்கு வைத்தியம் என்று தெருவே நினைத்தது. சந்தேகப்படுகிற புருஷன், படிக்காத பையன் என்று ஆளாளுக்கு மாடி ஏறினார்கள். சார் எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். "நான் டாக்டர் இல்லம்மா. சைக்காலஜியோட சரித்திரம் சொல்லித் தர்றவன். மனசைப் பத்தி யார் யார் என்ன சொன்னாங்கன்னு தெரியும். மனசு தெரியாது."

அந்த வருஷம்தான் எங்கள் வீட்டில் அது நடந்தது. என் மனைவி சரோஜாவுக்கு எட்டாம் மாசம். குழந்தை வயிற்றிலேயே தவறிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் அழவில்லை. பேசவுமில்லை. சமைத்தாள், பெருக்கினாள், கேட்டதற்குத் தலையாட்டினாள். அழுதுவிட்டால் தேவலை என்று டாக்டரம்மா சொன்னார். அம்பாளுக்கு விளக்குப் போட்டேன், பக்கத்துக் கடை பாயிடம் சொல்லி தர்காவில் ஓதிய கயிறு வாங்கிக் கட்டினேன். வாரங்கள் போயின. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவளும் கையை விட்டுப் போய்விடுவாளோ என்று.

கடைசியில் நானும் மாடி ஏறினேன்.

"எனக்கு இது தெரியாது சிவலிங்கம் சார்," என்றார். முகம் வெளுத்துவிட்டது.

"தெரிஞ்சவங்க எல்லாரும் பார்த்துட்டாங்க சார். தெரியாத நீங்க ஒரு தடவை பாருங்க."

மறுநாள் சாயங்காலம் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். சரோஜா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சார் மடக்கு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "சிஸ்டர்..." என்றார். தொண்டையைக் கனைத்தார். பயத்தில் மனுஷருக்கு வேறொன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது, பாடத்தை ஆரம்பித்துவிட்டார். கிரேக்கர் வந்தார், குரு வந்தார், பிரெஞ்சுக்காரர் வந்தார், ஜெர்மன்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். கீரை முழுக்க ஆய்ந்து முடிந்தும் பாடம் முடியவில்லை. அழைத்து வந்த என்னை நானே நொந்துகொண்டேன்.

"ஆக, ஒரு கோஷ்டி மனசு தலையிலங்கறாங்க, ஒரு கோஷ்டி நெஞ்சுலங்கறாங்க. இன்னிக்கு வரைக்கும்..."

"ரெண்டும் இல்ல சார்."

நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். சரோஜாதான்.

"இங்க," என்று அடிவயிற்றில் கை வைத்தாள். "எட்டு மாசம் இங்கதான் இருந்துது. இப்பவும் இங்கதான் எரியுது. தலையில எரிஞ்சா தைலம் தடவிக்க மாட்டேனா?"

பிறகு அழுதாள். தெருவே வாசலுக்கு வந்து நிற்கிற மாதிரி அழுதாள்.

சார் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தக் குரு வயித்துல பசியை மட்டும்தான் சிஸ்டர் வெச்சார்," என்றார் மெதுவாக. "அவர் பெத்தவர் இல்லையே." சொல்லிவிட்டுத் தானும் தேம்பிக்கொண்டு, என் செருப்பு ஒன்று, தன் செருப்பு ஒன்று என்று மாட்டிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டார்.

மறுநாள் காலையில் சரோஜா காபியை நீட்டியபடி, "அந்த மனுஷர் நேரத்துக்குச் சாப்பிடறாரா? இப்படிப் பேசினா உடம்பு தாங்குமா?" என்றாள். அன்று முதல் மாடிக்கு ஒரு தட்டு போயிற்று. சார் காலேஜில் பாடத்தையே மாற்றிவிட்டாராம். கிரேக்கருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடுவே, "மேற்கு மாம்பலத்தில் இன்னொரு கருத்து உண்டு," என்று நிறுத்திச் சொல்வாராம். அவருடைய மாணவன் ஒருவன் கடைக்குக் கற்பூரம் வாங்க வந்தபோது, "அது யாரு சார் மாம்பலத்துல?" என்று என்னையே கேட்டான். சிரித்து மழுப்பினேன்.

பிறகு அவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார். எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். வருஷா வருஷம் அவள் பிறந்தநாளுக்கு மயிலாப்பூர் கற்பகாம்பாள் சந்நிதியில் அர்ச்சனை. எங்கள் பேர் நட்சத்திரமெல்லாம் சொல்லி முடித்ததும் சரோஜா, "இன்னும் ஒருத்தர் சாமி. சைக்காலஜி சார்," என்பாள்.

முதல் வருஷம் குருக்கள் தேங்காயைக் கீழே வைத்துவிட்டார். "இது என்னம்மா பேரு? நட்சத்திரம் என்ன?"

"தெரியாது சாமி. எங்க வீட்டு மனுஷர்னு சொல்லுங்க. அம்பாள் கண்டுபிடிச்சுக்குவா."