கைகுலுக்கிய பிறகே ஆட்டம்

ஒரு காட்டில் கார்டு ஆட்டம் தொற்றுநோய் போலப் பரவியது. ஆளுக்கு ஒரு கட்டு கார்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பூதத்தின் படம். வேண்டாத பூதத்தைக் கொடுத்து வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். பிறகு எதிராளியின் பூதத்தோடு நம்முடையதை மோதவிடலாம். தோற்றவர்கள் மேசையைக் கவிழ்ப்பதும் ஜெயித்தவர்கள் ஊளையிடுவதும் அதிகமாகிவிடவே, போட்டிக் குழு ஒரு விதி கொண்டுவந்தது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கைகுலுக்க வேண்டும். குலுக்க மறுப்பவர் தோற்றவர். விதியை எழுதியவர் நடுவரான நாரை. கையே இல்லாத ஒருவர் கைகுலுக்கும் விதியை எழுதியது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. விதிகள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுகின்றன.

அந்தக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. பெயரில் பன்றி இருந்தாலும் அது பன்றி அல்ல, எலிக்குத் தூரத்துச் சொந்தம். இதை விளக்க அது எப்போதும் தயாராக இருந்தது. கேட்கத்தான் யாரும் நிற்பதில்லை. அதனிடம் நல்ல கார்டுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தது. கூட ஆட ஆள் இல்லாததால் இடது கைக்கும் வலது கைக்கும் போட்டி வைத்து ஆடும். இடது கை ஏமாற்றுகிறது என்று அதற்கு ஒரு சந்தேகமும் உண்டு.

போட்டிக்கு அது பெயர் கொடுத்தது கோப்பைக்காக அல்ல. போட்டி என்றால் எதிரே ஒருவர் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? ஒரே ஓர் ஆட்டம் போதும் என்று நினைத்தது.

முதல் சுற்றில் முயல் எதிரே வந்து உட்கார்ந்தது. முள்ளம்பன்றி கையை நீட்டியது. முயல் கையைப் பார்க்கவில்லை, முதுகைப் பார்த்தது.

"அண்ணே, நாளைக்கு எனக்கு வளை தோண்டுற வேலை இருக்கு. கை வேணும்."

"உள்ளங்கையில முள்ளே கிடையாது தம்பி. தொட்டுத்தான் பாரேன்."

"இருக்கட்டும்ணே. நீங்களே ஜெயிச்சதா வெச்சுக்குங்க."

இரண்டாவது சுற்றில் நரி. அதனிடமும் முள்ளம்பன்றி உள்ளங்கையை விரித்துக் காட்டியது.

"முள்ளு வெச்சிருக்கிறவன் வேற என்னப்பா சொல்லுவான்?" என்று நரி எழுந்து போய்விட்டது.

இப்படியே ஒரு கார்டைக்கூடத் திருப்பாமல் முள்ளம்பன்றி இறுதிச் சுற்றுக்கு வந்து சேர்ந்தது. அதன் ஆட்ட நுணுக்கத்தைப் பற்றிக் காகங்கள் மணிக்கணக்கில் பேசின.

இறுதிச் சுற்றில் எதிராளி கீரி. நல்லபாம்போடு அன்றாடம் புழங்குகிற பிராணி.

"குடுங்க மாமா கையை," என்று பிடித்துக் குலுக்கியது. பிறகு கூட்டத்துக்கே கேட்கும்படி, "அட, இலவம்பஞ்சு மாதிரியில்ல இருக்கு," என்றது.

ஆட்டம் தொடங்கியது. முள்ளம்பன்றி ஒரு கரடிப் பூதத்தை இறக்கிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவரிடம், "உன் முறை மாப்ளே," என்று சொன்னது. சொல்லிவிட்டு, அந்த வாக்கியம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று வியந்தது.

கூட்டத்தில் நரி எழுந்தது.

"கொஞ்சம் நிறுத்துங்க. கை பஞ்சு மாதிரின்னா நாங்கல்லாம் எதுக்குத் தோத்தோம்?"

"அதானே," என்றது முயல்.

நாரை விசாரித்தது. முள்ளம்பன்றி பதறியது. "ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேனே ஐயா."

"சொன்னாரு," என்று நரி ஒப்புக்கொண்டது. "நம்புற மாதிரி சொல்லலை."

நாரை கண்ணை மூடித் திறந்து தீர்ப்புச் சொன்னது. வெளியே முள்ளைக் காட்டிவிட்டு உள்ளே மென்மையை மறைத்து வைத்தது விளையாட்டு மரியாதைக்கு விரோதம். முள்ளம்பன்றி போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது. இனி எந்தப் போட்டியிலும் அதற்கு இடமில்லை.

"இந்த ஒரு ஆட்டத்தை மட்டும் முடிச்சுக்கிறேன் ஐயா. தோத்தாலும் பரவாயில்லை."

"ஆட்டம் முடிந்தது. மரியாதையாகக் கைகுலுக்கிவிட்டுப் போகலாம்," என்று நாரை ஒற்றைக் காலில் நின்றபடி மற்றக் காலை நீட்டியது.

முள்ளம்பன்றிக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்க வேண்டாம் என்று திரும்பிக்கொண்டது. இங்கே ஒரு விளக்கம் தேவை. முள்ளம்பன்றி முள்ளை அம்பு போல எய்யும் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. மனம் கலங்கினால் முள் சிலிர்க்கும், அவ்வளவுதான். பின்னால் நிற்பவர்தான் தள்ளி நிற்க வேண்டும். நாரை தள்ளி நிற்கவில்லை. ஊன்றியிருந்த காலில் மூன்று முட்கள் ஏறின.

நாரை மெல்லக் கால் மாற்றி நின்றது. முட்களை அலகால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அது மறுபடி பேசியபோது குரலில் புதிதாக ஒரு பணிவு இருந்தது.

"முள் உண்மையானது. ஆகவே முயல் பயந்ததும் நியாயம், நரி பயந்ததும் நியாயம். இவர் யாரையும் ஏமாற்றவில்லை. தீர்ப்பை வாபஸ் வாங்குகிறேன்."

முதலில் கைதட்டியது நரி. "அன்னைக்கே நான் சொன்னேன்ல, குத்தும்னு," என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

முள்ளம்பன்றி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு ஓடியது. கரடிப் பூதம் வைத்த இடத்திலேயே இருந்தது. எதிரே கீரி தன் கார்டுகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தது.

"எங்க மாப்ளே கிளம்பிட்ட? ஆட்டம் பாக்கி இருக்கு."

"பாம்புன்னா வாய்ப்பக்கம்தான் கடிக்கும், சமாளிச்சுக்குவேன். நீங்க முன்பக்கம் ஒரு ஆள், பின்பக்கம் ஒரு ஆளு. எனக்குக் குழந்தை குட்டி இருக்கு மாமா."

முள்ளம்பன்றி கையை நீட்டியபடியே இருந்தது. கீரி போய்விட்டது.

கோப்பையை ஒரு நீளமான மூங்கிலால் தள்ளி அதன் பக்கம் சேர்த்தார்கள். அதன் விளையாட்டு மரியாதையைப் பாராட்டி நாரை தூரத்திலிருந்து நீண்ட உரை ஆற்றியது.

நீதி: முள் இருப்பவர் ஒரு தடவையாவது குத்திக் காட்டிவிட வேண்டும், குத்தாமல் இருப்பது பிறரை ஏமாற்றும் செயல்.