மாற்றுச் சேறு

ஒரு காட்டில் எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் ஒரு கீரி. அவன் பெயர் மாசிலாமணி. பெயரைச் சொல்லாமல் கீரி என்று மட்டும் சொன்னால், அது நான் இல்லை, வேறு கீரி என்று தப்பித்துவிடுவான். அதனால் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் எல்லாரும் அவனுக்குப் பிறகு கெடுதல் செய்தவர்கள். அவர்களும் என் நினைவில் வரிசையாக நிற்கிறார்கள்.

நான் ஒரு எருமை. எங்கள் காட்டில் இருந்தது ஒரே ஒரு குளம். மழைக்காலத்தில் கரையைத் தொட்டு நிற்கும், கோடையில் சுருங்கும். சுருங்கும்போது ஒரு முறை வைத்திருந்தோம். காலையில் மானும் முயலும் மயிலும் வந்து தெளிந்த தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். பிறகு யானை வரும். உச்சிப்பொழுதுக்கு மேல் என் முறை. நான் இறங்கினால் தண்ணீர் கலங்கிவிடும் என்று என்னைக் கடைசியில் வைத்திருந்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. தெற்கு மூலையில் நல்ல சேறு கிடந்தது. அதில் படுத்தால் மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே தெரியும். சேறு இல்லாவிட்டால் எருமைக்குத் தோல் வெடிக்கும், ஈ உட்காரும், புண்ணாகும். ஆடம்பரத்துக்காக யாரும் சேற்றில் படுப்பதில்லை.

ஒரு நாள் பெரிய காட்டிலிருந்து ஒரு காகம் உத்தரவு கொண்டுவந்தது. இனிமேல் பெரிய காடானாலும் சின்னக் காடானாலும், வளர்ச்சித் திட்டம் போட்டால் அதில் நீர்வள மேலாண்மையை ஒருங்கிணைக்க வேண்டுமாம். ஒருங்கிணைக்காத திட்டத்துக்கு அனுமதி கிடையாதாம்.

எங்கள் ராஜாவாகிய புலி கேட்டது: "ஒருங்கிணைக்கிறதுன்னா என்ன?"

சபையில் யாருக்கும் தெரியவில்லை. மாசிலாமணிக்கும் தெரியாது. ஆனால் அவன் மட்டும் எழுந்து நின்றான். எழுந்து நின்றதால் அவனையே ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிட்டார்கள்.

மறுநாளே கூட்டம் போட்டான். யானை பாதைத் திட்டத்தோடு வந்தது. காட்டுப்பன்றி கிழங்குச் சந்தைத் திட்டத்தோடு வந்தது. மயில், வெளியூர்ப் பறவைகள் தங்க ஒரு விடுதி கட்டப்போவதாகச் சொன்னது.

"யானையாரே, பாதை போட்டா மண்ணை நனைக்கணும்லா? தண்ணி எங்கேருந்து எடுப்பீரு?"

"குளத்துலேருந்துதான்."

"எவ்வளவு வேணும்?"

"முழுசும் வேணும். பாதை பெரிசு."

"சரி, போட்டாச்சு. பன்றியாரே, உமக்கு?"

"கிழங்கு கழுவணும். எனக்கும் முழுக் குளம்."

"போட்டாச்சு."

"விருந்தாளிங்க நீந்துவாங்க," என்றது மயில். "அரைக் குளத்துல யார் நீந்துவா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

தவளை பிச்சம்மா ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். குளத்திலேயே பிறந்து வளர்ந்தவள். வாய் அடங்காது. "ஏ மாசிலாமணி, ஒரே குளத்தை மூணு பேருக்கு முழுசா குடுத்துட்டியே! இது என்ன கல்யாண வீட்டுப் பாயசமா, தீரத் தீரத் தண்ணி ஊத்திக்கிட?"

"அக்கா, அதுக்குப் பேருதான் ஒருங்கிணைப்பு. ஆளுக்கு ஒரு குளம் குடுத்தா அது பிரிவினை."

புலிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எந்தத் திட்டத்தை எடுத்தாலும் அதில் தண்ணீர் இருந்தது. எங்கள் காட்டில் அவ்வளவு தண்ணீர் இருந்ததே இல்லை.

நான் எழுந்தேன். "எலே, என் முறை எந்தத் திட்டத்துல இருக்கு?"

"அண்ணாச்சி, நீங்க பயனாளி. பயனாளி திட்டத்துக்குள்ள வரக்கூடாது. திட்டம்தான் உங்களைத் தேடி வரும்."

அது உண்மையாகவே தேடி வந்தது. இத்தனை தண்ணீரைக் கவனித்துக்கொள்ள ஓர் அலுவலகம் வேண்டும் என்றான் மாசிலாமணி. மேட்டு நிலம் யானையுடையது. புல்வெளி மானுடையது. யாருக்கும் சொந்தமில்லாத இடம் எது என்று தேடிப் பார்த்தார்கள். குளத்தின் தெற்கு மூலை கோடையில் தண்ணீர் வற்றி, சேறாகக் கிடந்தது.

"அங்கே யாராவது இருக்காங்களா?" என்று புலி கேட்டது.

"ஒரு எருமை படுத்திருக்கு மகாராஜா," என்றான் மாசிலாமணி.

"குடியிருக்கா?"

"இல்லை. படுத்துத்தான் இருக்கு."

படுத்திருப்பது குடியிருப்பது ஆகாது என்று முடிவானது. நான் சபையில் போய்க் கத்தினேன். கொம்பைத் தரையில் குத்தினேன். அப்போது புலி எல்லார் முன்னிலையிலும் எனக்கு வாக்குக் கொடுத்தது. தெற்கு மூலைக்குப் பதிலாக எனக்கு மாற்றுச் சேறு வழங்கப்படும். அதே ஆழம், அதே குளிர்ச்சி. பொறுப்பு: மாசிலாமணி.

மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். குரங்குகள் அலுவலகம் கட்டின. கூடம், மேசை, வாசலில் வளைவு எல்லாம் வந்தது. மாற்றுச் சேறு மட்டும் வரவில்லை. கோடை முழுவதும் நான் மர நிழலில் நின்று முதுகைத் தேய்த்தேன். கேட்டபோதெல்லாம் மாசிலாமணி, "அண்ணாச்சி, உங்க சேறு பரிசீலனையில இருக்கு," என்றான்.

ஐப்பசி பிறந்தது. மழை கொட்டியது. குளம் எப்போதும் நிரம்புவது போல நிரம்பியது. தண்ணீர் எப்போதும் போல் தெற்கு மூலைக்கு வந்தது. அங்கே அலுவலகம் இருப்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை.

உச்சிப்பொழுது கடந்ததும் நான் நேராக அலுவலகத்துக்குள் போனேன். கூடத்தில் மார்பளவு தண்ணீர். அடியில் கொட்டின மண் குழைந்து அருமையான சேறாகியிருந்தது. படுத்துவிட்டேன். மேசைமேல் நடுங்கிக்கொண்டிருந்த மாசிலாமணி என் முதுகில் தாவினான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

"அண்ணாச்சி! கரைக்குப் போங்க!"

"எலே, இது என் இடம், என் முறை. எனக்கு வேற சோலி இல்லை. மாற்றுச் சேறு எங்கே?"

"தர்றேன்! சத்தியமா தர்றேன்! ரெண்டு சேறு தர்றேன்!"

பிச்சம்மா ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, விட்டுடாதீங்க. கழுத்து வரைக்கும் தண்ணி இருந்தாத்தான் இவன் வாயில நல்ல வார்த்தை வரும்."

நானும் விடுவதாக இல்லை. அதற்குள் கரையில் புலி வந்து நின்றது. "அங்கே என்ன சத்தம்?" என்று கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டது. பல் முழுவதும் தெரிந்தது. நான் மாசிலாமணியைக் கரையில் இறக்கிவிட்டேன்.

கரையேறி ரோமத்தை உதறிக்கொண்டவன் முதலில் சொன்ன வார்த்தை: "மகாராஜா, தண்ணீர் அலுவலகத்தை ஆக்கிரமித்துவிட்டது."

ஆக்கிரமிப்பை அகற்ற அன்றே உத்தரவானது. கரையை வெட்டினார்கள். குளத்துத் தண்ணீர் முழுவதும் பள்ளத்துக் காட்டுக்கு ஓடியது. அலுவலகம் காய்ந்தது.

"அண்ணே, நான் தண்ணியோட போறேன்," என்றாள் பிச்சம்மா. "நீங்க திட்டத்தோட இருங்க." நான் அவள் பின்னால் போயிருப்பேன். வாக்குக் கொடுத்தவன் இங்கேயல்லவா இருக்கிறான்? நான் போய்விட்டால் அவனுக்கு நிம்மதி.

கோடையில் யானைப் பாதையில் புழுதி பறந்தது. பன்றி கிழங்கை மண்ணோடு விற்றது. மயிலின் விடுதிக்கு வந்த கொக்குகள் வந்த வேகத்தில் திரும்பிப் போயின. பெரிய காட்டிலிருந்து ஒரு கழுகு பார்வையிட வந்தது.

"எல்லாத் திட்டத்திலும் தண்ணீர் இருக்கிறதா?"

"இருக்கிறது ஐயா," என்றான் மாசிலாமணி.

"குளத்தில்?"

"குளம் ஒரு திட்டமில்லையே ஐயா."

கழுகு யோசித்துப் பார்த்து, சரிதான் என்றது. சிறந்த ஒருங்கிணைப்பாளர் என்று அவனுக்கு மாலை போட்டது. கைதட்டு அடங்கியதும் நான் முன்னால் போனேன். "எலே, என் சேறு?"

"வாங்க அண்ணாச்சி, காட்டுறேன்," என்று கைபிடிக்காத குறையாக அழைத்துப்போனான். அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு. அதன்மேல் ஒரு பலகை: 'எருமைக்கான மாற்றுச் சேறு – முதல் கட்டம்.'

"மண்ணு தயாரா இருக்கு அண்ணாச்சி. தண்ணி வந்ததும் குழைச்சிரலாம்."

முதல் கட்டத்தின் மேல் படுத்துப் பார்த்தேன். சுட்டது. தோல் வெடித்த இடத்தில் எல்லாம் புழுதி ஏறியது. இரண்டாம் கட்டத்துக்கு இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

நீதி: மூழ்குகிறவன் வாக்குக் கொடுத்தால், அதை நிறைவேற்றும் வரை அவனை மூழ்கவும் விடாதே, கரையேறவும் விடாதே, நடுத்தண்ணீரிலேயே வைத்திரு.