மூலை வீடு யாருக்கு?

சுருளி சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போய்க் கட்டத்துக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டார். “இதான் என் வீடு. எழுப்பாதீக.”

“அது மூலை வீடுண்ணே! நான் முன்னாடியே பாத்து வச்சது” என்று தங்கப்பொண்ணு சேலையை இழுத்துச் செருகினாள்.

வக்கீல் பாண்டிச்செல்விக்குத் தலை சுற்றியது. தகரக் கொட்டகைகளில் கிடந்த இருபத்து நான்கு கூலிக் குடும்பங்களுக்காக ஒன்பது வருடம் கோர்ட்டுப் படியேறி, கீழக்குயில்குடிப் பக்கம் இந்த இடத்தை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். காட்டிவிட்டுத் திரும்பலாம் என்றுதான் எல்லோரையும் கூட்டி வந்தாள். காலையில் கோடு போட்டிருந்தார்கள். வரைபடம் எஞ்சினியரிடம் இருந்தால் என்ன, எண்ணிப் பார்த்தால் சரியாக இருபத்து நான்கு கட்டம்.

“இம்புட்டுத்தானா வீடு?” என்றாள் மீனா.

“அஸ்திவாரத்துல எந்த வீடும் சின்னதாத்தான் தெரியும். சுவர் எழும்பட்டும், பாருங்க” என்றாள் பாண்டிச்செல்வி.

அவ்வளவுதான், அத்தனை பேர் கண்ணிலும் சுவர் எழும்பிவிட்டது. எல்லோருக்கும் மூலை வீடே வேண்டும்.

“சட்டப்படி, நடக்க முடியாதவங்களுக்குத்தான் முதல் உரிமை” என்றாள் பாண்டிச்செல்வி.

சொல்லி வாய் மூடவில்லை, நேற்றுவரை செங்கல் சுமந்த சின்னச்சாமி நொண்ட ஆரம்பித்தார்.

“மாப்ள, கால மாத்திட்டீகளே! இப்பத்தான இடது காலு நொண்டுச்சு?” என்றார் சுருளி, படுத்தபடியே.

பாண்டிச்செல்வி சீட்டுக் குலுக்கினாள். மூலை வீடு மீனாவுக்கு விழுந்தது. சுருளி அசையவில்லை.

“குடியிருக்கிறவன எழுப்பக் கூடாதுன்னு ஒம்பது வருசம் வாதாடுனது நீங்கதான வக்கீலம்மா?”

ஜட்ஜுகளிடமே வாதாடியவள் ஒரு தாளை எடுத்தாள். மனமொத்து வீடு மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதி, கெஞ்சிக் கூத்தாடி, இருபத்து நான்கு பேரிடமும் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது.

சமணர் மலையின் நிழல் மெல்ல மனைக்குள் வந்தது. யாரும் கோட்டை மிதிக்கவில்லை. வாசல் என்று நினைத்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். தங்கப்பொண்ணு ஜன்னலைத் திறந்து, “காத்து அம்புட்டும் நம்ம பக்கந்தான்” என்றாள். சின்னச்சாமி இல்லாத சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார், விழவில்லை. எந்த அடுப்பிலிருந்தோ தாளிக்கிற வாசம் வந்ததுபோலக்கூட இருந்தது.

“வெளியவே நிக்கிறீகளே, உள்ள வாங்கக்கா. நிலை தட்டும், குனிஞ்சு வாங்க” என்றாள் மீனா.

பாண்டிச்செல்வி குனிந்து போனாள். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு வழக்கு முழுசாக முடிந்தது என்று தோன்றியது.

காலையில் கோடு போட்ட மேஸ்திரி காளை, விட்டுப்போன சுண்ணாம்பு வாளியை எடுக்க வந்தவர், அத்தனை குடித்தனத்தையும் பார்த்துத் திகைத்து நின்றார்.

“அக்கா, வீடெல்லாம் மேல மூணு மாடியில வருது. இது கார் நிப்பாட்டப் போட்ட கோடு.”