காற்றை ஏமாற்றும் சட்டை

வருடாந்திர சைக்கிள் பந்தயத்தில் மூன்று தடவையும் தான் கடைசியாக வந்ததற்கு முழுப் பொறுப்பும் காற்றுதான் என்று பார்சல் ஆபீஸ் சூப்பர்வைசர் கண்டுபிடித்தார். வயிற்றுக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்ற விட்டால்தானே.

டாக்டர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, இடுப்பு இறங்கினால்தான் அது இறங்கும் என்று. சூப்பர்வைசர் பணிவாகத் தலையாட்டிவிட்டு, திரும்பும் வழியில் பேக்கரிக்குள் நுழைவார்.

வாசல் அறையில் மனைவி தையல் மெஷினில் இருந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் தையல்காரி.

"ஒரு ஏரோ சூட் வாங்கணும். உடம்போட ஒட்டி இருக்கும். காத்து வழுக்கிட்டுப் போயிடும். பெரிய வீரர்கள்லாம் அதான் போடறாங்க."

"அவங்க நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துல போறாங்க. அவங்களுக்குக் காத்து சுவர் மாதிரி. நீங்க போற பதினஞ்சுல காத்தே உங்களை ஓவர்டேக் பண்ணிட்டுப் போகுதுங்க."

"அங்கதான் நீ கோட்டை விடறே. அதே தூரத்தை அவன் ஒரு மணி நேரத்துல முடிச்சிடறான். நான் மூணு மணி நேரம் காத்துல கிடக்கேன். அப்போ சூட் யாருக்கு அவசியம்?"

பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் வாதத்தில் அவர் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"சரிங்க. கடையில எதுக்கு? நானே தைச்சுத் தரேன்." இன்ச் டேப்பைச் சுற்றினாள். இடுப்பு நாற்பத்திரண்டு.

பத்து நாளில் சூட் தயார். தொடை வரை சமர்த்தாக ஏறியது. ஜிப் தொப்புளுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

"அளவைத் தப்பா எடுத்துட்டியா?"

"உங்க அளவுக்குத் தைச்சா அது வெறும் சட்டை. காத்து அளவுக்குத் தைச்சாதானே ஏரோ?"

"கொஞ்சம் பிரிச்சு விடேன்."

"தாராளமா. வேகம் போயிடும், பரவாயில்லையா?"

வேகம் போகலாமா? பந்தயத்துக்கு ஆறு மாதம் இருந்தது. அவர் பேக்கரி இருக்கும் தெருவையே தவிர்த்து, சுற்றுவழியில் வீடு வந்தார். இரண்டாம் தடவை சோறு போட வந்தால் தட்டைக் கையால் மூடினார். விடிந்தால் சைக்கிள். ஜிப் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. எல்லாம் ஏரோடைனமிக்ஸுக்காகத்தான். டாக்டர் பேச்சைக் கேட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

பந்தயத்தன்று ஜிப் கழுத்தைத் தொட்டது. அவருக்குப் பின்னால் நாலு பேர் வந்தார்கள். அந்த நாலு பேரையும் தேடிப் போய்க் கைகுலுக்கினார்.

மறுவாரம் டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை பார்த்தார்.

"சர்க்கரை கட்டுக்குள்ள வந்திருச்சே. என்ன பண்ணீங்க?"

"ஏரோடைனமிக்ஸ், டாக்டர்."

"அப்படியா? ஆறு மாசம் முன்னாடியே, சூட்டை முப்பத்தெட்டுல தைச்சா போதுமான்னு உங்க வீட்டம்மா இன்ச் டேப்போட வந்து கேட்டாங்க. நான்தான் இப்போதைக்குப் போதும்னேன்."

சூப்பர்வைசருக்கு முதலில் அசடு வழிந்தது. தெருவில் இறங்கியதும் சிரிப்பு வந்தது. வீடு நெருங்க நெருங்கக் கண் கலங்கிவிட்டது. சொன்னால் கேட்காத ஒரு மனுஷனை, சண்டை போடாமல், சாபம் விடாமல், ஒரு ஜிப்பை வைத்தே பிழைக்க வைத்திருக்கிறாள். அவள் வாய்த்தது தன் அதிர்ஷ்டம் என்று நெஞ்சு நிறைந்து போயிற்று.

"நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேனோ," என்றார் மெஷின் பக்கத்தில் நின்று. "எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெஷின் மட்டும் நிற்கவில்லை.

"நன்றியெல்லாம் இருக்கட்டுங்க. அடுத்த சூட் முப்பத்தாறு. துணி வெட்டியாச்சு."