வாசற்படியில் ஒரு பூத்தட்டு

முதலில் வம்பு செய்தவன் மொக்கையன்தான். இதைக் கண்ணுச்சாமி எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வார்.

மொக்கையன் அவருடைய மனைவி சோணையம்மாளின் தம்பி. கண்ணுச்சாமியின் மகள் சரண்யாதேவிக்குக் காது குத்திய அன்று, தாய்மாமன் என்ற உரிமையில் கறிவாளியைத் தூக்கிக்கொண்டு அவனே பந்தி பரிமாறினான். எல்லார் இலையிலும் கறி விழுந்தது. கண்ணுச்சாமி இலையில் மட்டும் எலும்பாக விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மச்சானுக்குக் கறி எதுக்கு? அவருக்குக் கடிச்சுத் துப்புறதுதான பிடிக்கும்" என்றான் மொக்கையன்.

பேரையூரே சிரித்தது. சமையல்காரன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பெண்டாட்டி சிரித்தாளா என்று கண்ணுச்சாமி திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயை மூடியிருந்தாள்.

இலையை மூடிவிட்டு எழுந்தவர் அன்றைக்கே சட்டம் போட்டார். மொக்கையன் நேரில் வந்து 'தப்புதான் மச்சான்' என்று வாயைத் திறந்து சொல்கிறவரை அவன் வாசலை அவரும் மிதிக்க மாட்டார், சோணையம்மாளும் மிதிக்கக் கூடாது. அவன் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கவும் கூடாது. காது குத்திய பிள்ளைக்குக் கல்யாணமாகி, அந்தப் பிள்ளையின் பிள்ளைக்கும் காது குத்தியாகிவிட்டது. மொக்கையன் வரவில்லை. பேரையூரில் மழை பெய்யாத வருஷம் உண்டு. அந்த எலும்பு கண்ணுச்சாமியின் தொண்டையில் குத்தாத நாள் இல்லை.

இப்போது மொக்கையன் சாகக் கிடந்தான். ஈரல் போய்விட்டது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். இது ஊர் வாயிலிருந்து வந்த சேதி. அதற்கப்புறம் தினம் யாராவது வந்து, பழசை விடுங்கண்ணே என்று உட்கார்ந்துவிடுவார்கள். கண்ணுச்சாமி அவர்களுக்குக் காப்பி கொடுத்து, எலும்புக் கதையை முதலிலிருந்து சொல்லி அனுப்புவார்.

சோணையம்மாள் ஒரே ஒரு நாள் கேட்டாள். சோற்றைப் போட்டுவிட்டு, சட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரு தடவ கண்ணால பாத்துட்டு வந்துர்றேன்."

"அவன் வந்து கேக்கட்டும். நானே உன்னயக் கூட்டிட்டுப் போறேன்."

"எந்திரிச்சு உக்கார முடியாதவன் எப்பிடிங்க வந்து கேப்பான்?"

"நல்லா இருந்தப்ப வந்திருக்கணும்."

அதோடு அவள் பேச்சை விட்டுவிட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை, உப்பைக்கூடக் குறைக்கவில்லை. சொல்லாமல் போய்விடுவாளோ என்று கண்ணுச்சாமி அவள் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் குளிக்கப் போகும்போதுகூட அவளைக் கிணற்றடியில் உட்கார வைத்துவிட்டுத்தான் குளித்தார்.

அந்த நேரம் பார்த்துச் சரண்யாதேவி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஓட்டல் இருக்கிறது, கடல் கடந்த பாலித் தீவு மாதிரியே கட்டியிருக்கிறார்கள், சத்தமே இருக்காது, நான் பணம் கட்டிவிட்டேன், அம்மாவும் நீங்களும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்றாள். சத்தம் இருக்காது என்றதுமே கண்ணுச்சாமிக்குப் பிடித்துவிட்டது. ஊர்க்காரன் ஒருத்தனும் வர முடியாது. பெண்டாட்டி கண்ணை விட்டு மறைய முடியாது. மொக்கையன் கதை முடிகிற வரைக்கும் அங்கேயே கிடக்கலாம். நாமாகவே யோசித்திருந்தால்கூட இப்படி ஒரு வழி தோன்றியிருக்காது என்று நினைத்தார். அது உண்மைதான். யோசித்தது அவர் இல்லை.

ஓட்டல்காரர் அழகுமலை மேலூர்ப் பக்கத்துக்காரர். பாலித் தீவில் பல வருஷம் சமையல் வேலை பார்த்து, அங்கேயே கடெக் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து இந்த இடத்தை எழுப்பியிருந்தார். வாசலில் ஒரு கல்கோபுரத்தை நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் நிறுத்தியது மாதிரி இருந்தது. உள்ளே சிலைகளுக்குக் கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றியிருந்தார்கள். குளிக்கிற அறைக்குக் கூரை இல்லை. காசு கொடுத்து வந்த இடத்தில் கூரை இல்லாமல் குளிப்பதா என்று கண்ணுச்சாமிக்கு ஆத்திரமாக வந்தது.

எல்லாவற்றையும் விட ஒரு கல் தவளை அவரைப் பாடாய்ப் படுத்தியது. அதன் வாயிலிருந்து தண்ணீர் ஓயாமல் கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு குடம் தண்ணீருக்கு அலைந்த பேரையூர்க்காரன் எப்படி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பான்? சாயங்காலம் பூராவும் தவளையைச் சுற்றிச் சுற்றி வந்து அடைக்கிற திருகைத் தேடினார். சோணையம்மாள் பின்கட்டில் கடெக்கோடு உட்கார்ந்து ஏதோ கைவேலை பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கண் எட்டுகிற தூரம்தான் என்று விட்டுவிட்டார். படுக்கும்போது கதவைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

காலையில் விழித்தபோது சாவி முடிந்த இடத்திலேயே இருந்தது. சோணையம்மாள் கதவை ஒட்டிய சன்னலோரம் நின்றிருந்தாள். நிம்மதியாகக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வாசற்படியின் நடுவில், குருத்தோலையை மடித்துச் செய்த சின்னத் தட்டு. உள்ளே சிவப்பு, மஞ்சள், வெள்ளைப் பூ. ஒரு சிட்டிகை சோறு. மேலே ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

தூக்கிய காலை அவர் அந்தரத்திலேயே வைத்திருந்தார்.

"சோணை. செய்வினை."

அவள் வந்து எட்டிப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். "தாண்டாதீங்க. யாருங்க வச்சிருப்பா?"

"கேக்கணுமா? அவந்தான். படுத்த படுக்கையில இருந்தே ஆள விட்டு வச்சிருக்கான்."

"சாகப் போறவனுக்கு இது எதுக்குங்க?"

"அவன் போறதுக்குள்ள என்னய அனுப்பிட்டா மன்னிப்புக் கேக்க வேண்டியதில்லையில்ல?"

சோணையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு, ஆம்பளைக்கு வைத்தது பொம்பளையை ஒன்றும் செய்யாது, நான் போய் இங்கே பக்கத்தில் ஒரு கோடாங்கியைப் பிடித்துக் குறி கேட்டு வருகிறேன், அதுவரை காலை வெளியே வைக்காதீர்கள் என்றாள். கண்ணுச்சாமிதான் அவளை விரட்டினார். ஆட்டோவுக்கு அவரே காசு கொடுத்தார். வெறுங்கையோடு கோடாங்கியிடம் போகாதே, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள் என்றும் சொன்னார். அவள் சேலையை லேசாகத் தூக்கிக்கொண்டு பூத்தட்டைத் தாண்டிப் போனாள்.

வெயில் ஏறியது. கண்ணுச்சாமி கட்டிலின் மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். இட்லி கொண்டுவந்த அழகுமலையைச் சன்னல் வழியாகக் கொடுக்கச் சொன்னார். தட்டை வாங்கும்போதுதான் வெளியே பார்த்தார். கடெக் ஒரு பெரிய தாம்பாளத்தோடு நடந்துகொண்டிருந்தாள். சிலையடியில் ஒரு ஓலைத்தட்டு, தவளைக்கு முன்னால் ஒன்று, மோட்டார் சைக்கிள் மேல் ஒன்று.

"உங்க வீட்டுக்காரி யாருக்கு வேலை செய்யுது?" என்றார் கண்ணுச்சாமி.

அழகுமலைக்கு விளங்க நேரமானது. விளங்கியதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"அது சாமிக்கு வைக்கிறதுண்ணே. அவுக ஊர்ல தினம் வைப்பாக. தரையில வைக்கிறது கோவத்தோட சுத்துற கெட்டதுகளுக்கு. அதுகளுக்கும் ஒரு பூவும் சோறும் வச்சுட்டா சண்டை போடாம போயிருமாம்."

"அப்ப எங்க வாசல்ல வச்சது?"

"அது உங்க வீட்டம்மா மடிச்சதுதான. நேத்து எங்க வீட்டுக்காரிகிட்ட உக்காந்து கத்துக்கிட்டாக. காலையில அந்தச் சன்னல் வழியா வாங்கி, பத்தி பொருத்தி, கையை விட்டு எட்டி அவுகளே வச்சாக. தம்பிக்காகன்னாக. பாவம், இந்தா தெரியுதே, அந்தத் தெருவுலதான தம்பி மகன் செல்வக்குமார் வீடு. அங்கதான கொண்டாந்து போட்டிருக்காக. உங்களுக்குத் தெரியாதா?"

கண்ணுச்சாமிக்குத் தெரியாது. அவன் பேரைத்தான் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாதே.

பூத்தட்டை எட்டி உதைக்கக் காலைத் தூக்கினார். சாமிக்கு வைத்தது என்ற நினைப்பு வந்து, சுற்றிக்கொண்டு படியிறங்கினார். சோணையம்மாள் வரட்டும் என்று பிளந்த கோபுரத்தடியில் நின்று ஒவ்வொரு வசவாகத் தயார் செய்துகொண்டிருந்தார். அவள் வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. செருப்பு இல்லை.

"போயிட்டான்" என்றாள்.

தயார் செய்த வசவையெல்லாம் விட்டுவிட்டு அவர் தோள்துண்டை எடுத்துக் கையில் பிடித்தார்.

"பொழுதடைய எடுத்துருவாக. வாரீங்களா, நான் மட்டும் போகவா?"

கண்ணுச்சாமி தொண்டையைச் செருமினார். "என்னயப் பத்தி ஏதும் சொன்னானா?"

"மச்சான் வரலியாக்கான்னுதான் மொதல்ல கேட்டான். ஒரு வார்த்தை சொல்லணும்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தான்."

"என்ன வார்த்தை?"

"உங்ககிட்டதான் சொல்லணுமாம். நான் எம்புட்டோ கேட்டேன், சொல்லல."

"நான் ஏன் வரலன்னு கேட்டானா?"

"கேட்டான். வாசல்ல பூ கெடந்துச்சு, தாண்டப் பயந்துக்கிட்டு உக்காந்திருக்காருன்னேன்." சோணையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சிரிச்சான். சிரிச்ச வாய் மூடல, போயிட்டான்."

கண்ணுச்சாமி அந்தக் கோபுரத்தடிக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். மொக்கையன் அவருக்குச் சொல்ல வேண்டிய மன்னிப்பு இப்போது இரண்டு.