நாவடிச் சமர்

வாழ்க, வாழ்க, எங்கள் வீட்டுத் தரகர்! இருட்டறையையும் வெளிச்ச மாளிகையென்று நம்பவைக்கும் சொல்லேருழவர், எதிராளி கேட்குமுன்பே பதிலை முடித்துவிடும் நாநலச் சிங்கம், பூனைமயிர் ஒன்று பறந்தால் மட்டும் பொலபொலவெனக் கண்ணீர் உகுக்கும் பேராண்மைப் பெருந்தகை, அவர்தம் புகழைப் பாடுவோம்.

அன்னாரின் ஒவ்வாமையை வேரறுக்க மருத்துவர் அருளிய அஸ்திரமோ ஒரு துளி மருந்து. காலைதோறும் அதை நாவடியில் இட்டு, இரண்டு நிமிடம் விழுங்காமலும் பேசாமலும் காத்தல் வேண்டும். விழுங்காமை எளிது, பேசாமையன்றோ பெருந்தவம்! நேற்றும் நேற்று முன்தினமும் ஃபோன் மணிக்கு வாய்திறந்து தோற்றவரை நோக்கி, கடிகாரமேந்திய இல்லத்தரசி சூளுரைத்தாள்: “இன்னிக்கும் நடுவுல பேசினீங்கன்னா, இனிமே டாக்டர்கிட்ட நீங்களே தனியாப் போய்க்கோங்க!”

துளி வீழ்ந்தது. வாய்க்கோட்டை அடைபட்டது. அக்கணமே கூடையேந்திப் புகுந்தாள் மகள். கூடைக்குள்ளிருந்து எதிர்வீட்டுப் பூனை எட்டிப் பார்த்தது.

“அப்பா, எதிர்வீட்டுக்காரங்க வீடு மாத்திட்டுப் போறாங்க. இத நாமளே வச்சுக்கலாம்ல? உங்களுக்குத்தான் மருந்து இருக்கே! வேணாம்னா இப்பவே சொல்லுங்க, வண்டி கிளம்புறதுக்குள்ள திருப்பிக் குடுத்துடறேன்.”

அந்தோ! “வேண்டாம்” என்னும் ஒற்றைச் சொல் பல்மதிலில் முட்டி மோத, உமிழ்நீர் வெள்ளமெனப் பெருக, மீசை துடிக்க, கன்னம் உப்ப, சொன்னால் மருந்து போம், சொல்லாவிடில் வீடே போம் எனக் கலங்கிய வீரர், தலையசைத்தால் துளி தொண்டைக்குள் நழுவுமென்றஞ்சிக் கழுத்தைத் தூண்போல் நிறுத்தியபடியே பால்கனிக்கு விரைந்து, புறப்படும் வண்டியைத் தடுக்க இருகரமும் உயர்த்தி வீசினார். வண்டிக்குள்ளிருந்த எதிர்வீட்டுக்காரர் நெகிழ்ந்துபோய்த் தாமும் கையசைத்தார்.

“போய்ட்டு வர்றோம் சார்! உங்க அன்ப மறக்கவே மாட்டோம்!”

வண்டி தெருமுனை திரும்பி மறைந்தது.

“ரெண்டு நிமிஷம் ஆச்சு, முழுங்கலாம்” என்று பிரகடனம் செய்தாள் இல்லத்தரசி.

விழுங்கினார்! வென்றார்! நாவடிச் சமரில் வாகை சூடிய நாயகர், அடைபட்டுக் கிடந்த சொற்சேனை அனைத்தையும் திரட்டிக்கொண்டு, திக்கெட்டும் அதிர முழங்குவதற்காக மகள் பக்கம் திரும்பினார். பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் மூச்சுவிடாமல் நின்றாள். அந்த முகத்தைக் கண்டதும் சேனை சொல்லாமல் கொள்ளாமல் கலைந்தது.

வீட்டில் பால் இல்லாததால், தும்மிக்கொண்டே கடைக்குப் போனார்.